மாரி காலத்து வாரச் சமையல்: பட்டியல் போடுகிறவர்கள் எப்படிப் போடுகிறீர்கள்?

மழைக்குருவி, நல்லூர், யாழ்ப்பாணம்
வணக்கம். ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரே கேள்வி என்னை விடுகிறதில்லை: நாளைக்கு என்ன சமைக்கிறது? வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பும்போதே அது மனதுக்குள் தொடங்கிவிடும்.

வீட்டில் ஐந்து பேர். நானும் இவரும், மாமி, 13 வயதில் மகள், 9 வயதில் மகன். மாமிக்குச் சீனி வருத்தம். காலை 7 மணிக்கு மாமியைத் தவிர எல்லோரும் வெளிக்கிட வேண்டும்.

கோடையில் இவ்வளவு சிரமப்பட்டதில்லை. கார்த்திகை முதல் கிழமை கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஏழு நாளுக்கும் கறிகளை எழுதி குசினிக் கதவில் ஒட்டினேன். திங்கள் பாரைமீன் குழம்பு, செவ்வாய் முருங்கைக்காய் வெள்ளைக்கறி, புதன் கீரையும் கத்தரிக்காயும் என்று. மூன்று நாள்கூட நிற்கவில்லை. திங்கள் காற்று, மீன் வரவில்லை. செவ்வாய் முருங்கைக்காய் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். புதன் ஒழுங்கை முழுக்க வெள்ளம். சனிக்கிழமை வாங்கிய கீரை அதற்குள் அழுகிவிட்டது. அதைத் தூக்கி எறியும்போது அழுகை வந்தது. பணத்தைவிட, இவ்வளவு யோசித்து எழுதியும் பயனில்லாமல் போனதே என்ற கவலை.

பட்டியல் போட்டுச் சமைக்கிறவர்கள் இருக்கிறீர்களா? மாரியில் அது நடக்கிற காரியமா?

சங்கானை அக்கா
தங்கச்சி, நடக்கும். நீங்கள் எழுதிய விதம்தான் மாரிக்குப் பொருந்தாது. நாளுக்குக் கறியின் பெயரை எழுதினால் சந்தையும் கடலும் உங்கள் தாளைப் பார்த்தா நடக்கும்? நான் 30 வருடத்துக்கு மேலாக அடுப்படியில் நிற்கிறேன். கறியின் பெயரை எழுதமாட்டேன், வகையைத்தான் எழுதுவேன்.

திங்கள் பருப்பும் ஏதாவது ஓர் இலை வறையும். என்ன இலை என்று சந்தை சொல்லட்டும். செவ்வாயும் வியாழனும் கடலில் வந்தது. வரவில்லையென்றால் முட்டை, இல்லாவிட்டால் கருவாடு. புதன் புளி விட்டு வற்றவைத்த ஒரு குழம்பு, அடுத்த நாளும் தாங்குகிற மாதிரி. வெள்ளி எப்படியும் மரக்கறி. சனி மிச்சம் மீதி எல்லாம் சேர்த்து ஒரு கஞ்சியோ சாம்பாரோ. ஞாயிறு வீட்டில் எல்லோரும் இருக்கிற நாள், அன்று கூழ் அல்லது இறைச்சி. இப்படி எழுதினால் மழை பெய்தாலும் தாள் பொய்க்காது.

அடுத்தது, கீரை ஏன் அழுகியது என்று பாருங்கோ. சனிக்கிழமை வாங்கியதைப் புதன்கிழமைக்கு எழுதியிருக்கிறீர்கள். மாரிக் கீரைக்குள் தண்ணீர் நிற்கும், இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. வாங்கியதை அழுகும் வரிசையில் சமைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் இலை. பிறகு பயிற்றங்காய், வெண்டிக்காய், கத்தரிக்காய். கிழமைக் கடைசிக்குப் பூசணிக்காய், வாழைக்காய், கருணைக்கிழங்கு, உருளைக்கிழங்கு. வெட்டாத பூசணிக்காய் ஒன்று குசினி மூலையில் இருந்தால் எந்த வெள்ளத்துக்கும் பயப்படத் தேவையில்லை.

கீரையைக் கழுவி வைக்க வேண்டாம். ஈரத்தை உதறி, பழைய பேப்பரில் சுற்றி வையுங்கோ. கழுவுவது சமைக்கும்போது.

மழைக்குருவி
அக்கா, அழுகும் வரிசை! இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் சந்தையால் வந்தவுடன் எல்லாவற்றையும் கழுவி அல்லவா வைத்தேன்.

பாசையூர்க் கரை
மீன் பற்றி ஒரு வார்த்தை. வடகீழ்க் காற்று எழும்பினால் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் திறந்த கடல், வள்ளம் இறக்க ஏலாது. பாரை, அறக்குளா போன்ற பெரிய மீன் குறைவது அதனால்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆழமில்லாத பரவைக்கடல் அப்படியே ஓய்ந்துவிடாது. மழைத் தண்ணீர் இறங்கும் காலத்தில் இறாலும் நண்டும் ஓராவும் திரளியும் கிடைக்கும். மாரியில் பெரிய மீனைத் தேடி அலைகிறவர் வெறுங்கையோடு போவார், சின்ன மீனை வாங்குகிறவர் சமைப்பார்.

சூடை மீன் கிடைத்தால் விடாதீர்கள். முள் என்று பிள்ளைகள் ஒதுக்கினால் நன்றாக மொறுகப் பொரித்துக் கொடுங்கள், முள்ளும் சேர்ந்து நொறுங்கும். சுறா கிடைத்தால் வறை. அவித்து, தோலும் முள்ளும் நீக்கி, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டு வறுத்தால் சின்னப் பிள்ளையும் இரண்டாம் தரம் சோறு கேட்கும்.

நல்ல மீன் கண்ட அன்று இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்த உடனே வெட்டிக் கழுவி, தண்ணீர் வடியவிட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, ஒரு நேரத்துக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். முழுவதையும் ஒரே பையில் போட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாம் இளகி மறுபடி உறையும். மீன் கெடுவது அங்கேதான்.

கருவாட்டைப் புரட்டாதி வெயில் இருக்கும்போதே வாங்கி மூடி இறுகிய தகரத்தில் போட்டுவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு வாங்கும் கருவாட்டில் ஈரம் இருக்கும், வேகமாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

அராலியான்
இந்த இழையில் ஆண்கள் குறைவு, அதனாலேயே எழுதுகிறேன். மழைக்குருவி, உங்கள் பட்டியலில் என்ன கறி என்று இருக்கிறது, யார் சமைப்பது என்று இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 2022இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் விறகடுப்பு மூட்ட வேண்டி வந்தது. மனைவிக்குப் புகை ஒத்துக்கொள்ளாது, அதனால் நான் அடுப்படிக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, சமைப்பதில் பாதி வேலை அடுப்புக்கு முன்னால் நடப்பதில்லை. தேங்காய் துருவுவது, வெங்காயம் உரிப்பது, என்ன இருக்கிறது என்ன முடிந்தது என்று நினைவில் வைத்திருப்பது. அந்த நினைவு முழுவதையும் ஒருவர் தலையில் போட்டிருந்தோம்.

இப்போது புதனும் சனியும் என்னுடைய நாள். காஸ் வந்த பிறகும் விடவில்லை. உங்கள் வீட்டு அண்ணனிடம் ஒரு நாளையாவது கொடுங்கள். உதவி செய்யச் சொல்லாதீர்கள், அந்த நாளை முழுதாகக் கொடுங்கள். சந்தையிலிருந்து சட்டி கழுவுவது வரைக்கும் அவருடையது.

மழைக்குருவி
அண்ணா, இதை இவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பிறகு, 'வியாழன் எனக்கு' என்றார். பார்ப்போம்.

எனக்கு இன்னும் பெரிய இடி காலைதான். புட்டு அவித்து, சொதி வைத்து, சம்பல் இடித்து, மத்தியானச் சாப்பாட்டையும் கட்டி 7 மணிக்கு வெளிக்கிடுவது. குளிருக்குப் பிள்ளைகளை எழுப்புவதே ஒரு வேலை. பாண் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற நாட்களில் மாமியின் சீனி ஏறிவிடுகிறது.

ஸ்காபரோ மாமி
பிள்ளை, இங்கே வெளியே உறைபனி. நான் சந்தைக்குப் போகாமல் மாதம் ஓட்டுகிற ஆள். அதனால் சொல்கிறேன், தேங்காயை ஒவ்வொரு காலையும் துருவ வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலைந்து தேங்காயைத் துருவி, ஒரு நேரத்து அளவாகப் பிரித்து உறைபெட்டியில் தட்டையாகப் பரப்பி வையுங்கோ. உருண்டையாக வைத்தால் இளக நேரம் எடுக்கும். தட்டையாக இருந்தால் தேத்தண்ணி ஊற்றுவதற்குள் இளகிவிடும்.

புட்டு மாவும் அப்படித்தான். அரிசிமாவை வறுத்து, கோதுமை மாவை அவித்து அரித்து, இரண்டையும் கலந்து போத்தலில் வைத்தால் இரண்டு மூன்று கிழமை இருக்கும். காலையில் கொதிதண்ணி விட்டுக் குழைக்கிற வேலைதான் மிச்சம்.

சங்கானை அக்கா
மாமி சொல்வது புட்டுக்கும் சம்பலுக்கும் சரி. சொதிக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உறைந்த தேங்காய்ப்பூவில் பிழிகிற பாலுக்கு அந்த மணம் வராது. கரண்ட் நாலு மணித்தியாலம் நின்றால் என்ன செய்வீர்கள்? இங்கே மாரியில் மரக்கொப்பு விழுந்து கம்பி அறுவது புதினமில்லை. ஒரு தேங்காயின் பாதியை முதல்நாள் இரவு துருவி வைத்தால் போதும்.

கடைசி நேரத்தில் தலைப்பாலை விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கித் தேசிக்காய் பிழியுங்கோ. அவசரத்தில் கொதிக்கவிட்டால் திரைந்துவிடும். காலைச் சொதி கெடுவது பெரும்பாலும் அதனால்தான்.

ஸ்காபரோ மாமி
மணம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அவள் ஏழு மணிக்கு வெளிக்கிடுகிறவள். குறைந்த மணத்தோடு வீட்டில் வைத்த சொதி, கடைப் பாணைவிட எவ்வளவோ மேல்.

தென்மராட்சித் தாதி
வேலையிடத்தில் சீனி வருத்தக்காரரை நாள் தவறாமல் பார்ப்பதால் எழுதுகிறேன். மாமிக்குக் குரக்கன் (கேழ்வரகு) புட்டு நல்லது என்று சொல்லி, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியால் மூன்று பெட்டி போட்டுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குரக்கனும் மாச்சத்துதான், பனங்கிழங்கைக் காயவைத்து எடுக்கும் ஒடியலும் அப்படித்தான். நார் கூட இருப்பதால் மெதுவாக ஏறும், அவ்வளவே. அளவுதான் முக்கியம். புட்டைக் குறைத்து, கூட ஒரு கைப்பிடி அவித்த கடலையோ கௌப்பியோ பயறோ, அதோடு நிறைய இலை வறை. இரவில் ஊறப் போட்டுவிட்டால் காலையில் அவிக்கலாம். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்துத் தேங்காய்ப்பூ கொஞ்சம் தூவினால் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கும் அதுவே. மருந்து எடுக்கிறவர் என்றால் சாப்பாட்டு அளவை மாற்றுமுன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது, மிச்சச் சோறு. குளிராக இருக்கிறது, கெடாது என்று மேசையில் இரவு முழுக்க விடாதீர்கள். எங்கள் மார்கழிக் குளிரிலும் இரவில் 20 பாகைக்கு மேல்தான் நிற்கும், கிருமிக்கு அது குளிரே இல்லை. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எடுத்தால் ஆவி பறக்கச் சூடாக்குங்கள், ஒரு தரம் மட்டும். கரண்ட் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் சாதாரணமாக நாலு மணித்தியாலம் தாங்கும்.

வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிய வீடுகளில் கிணற்றை இறைத்துக் குளோரின் போடும் வரைக்கும் சம்பலுக்கு விடும் தண்ணீர்கூடக் கொதித்தாறியதாக இருக்கட்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேல்தண்ணீர் கீழே போக அதிக நேரம் எடுக்காது. 2008 நவம்பரில் நிஷா புயல் வெள்ளத்தின்போது எங்கள் வீட்டுக் கிணறும் நிறைந்து வழிந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்கத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம்.

கைதடி வாசகி
தோசை மா யாருக்காவது மாரியில் புளிக்கிறதா? எனக்குப் புளிக்கவே இல்லை, தோசை கல்லு மாதிரி.

சங்கானை அக்கா
குளிருக்குப் புளிப்பு மெதுவாகத்தான் வரும், பிள்ளை. மத்தியானமே ஊறப் போட்டு மாலை ஆறு மணிக்குள் அரைத்துவிடுங்கோ. உழுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம். கரைத்த பானையைத் துணியால் சுற்றி, சோறு வடித்த சூடான அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கோ. தண்ணீரைக் குறைத்துத் தடிப்பாகக் கரைத்து, காலையில் இளக்கலாம்.

நீர்வேலி வாழை
விரத நாட்களை யாரும் சொல்லவில்லையே. கார்த்திகையில் பிள்ளையார் பெருங்கதை தொடங்கினால் 21 நாள். மார்கழியில் திருவெம்பாவை 10 நாள். எங்கள் வீட்டில் அம்மா இந்த நாளெல்லாம் மரக்கறி. முன்பு இரண்டு சட்டி வைத்து அலுத்துப் போனேன். இப்போது அந்த நாட்களில் வீடு முழுக்க மரக்கறிதான். பிள்ளைகள் முதல் மூன்று நாள் முறைப்பார்கள், பிறகு பழகிவிடும்.

மாரியில் இலைக்கு என்ன குறை? வேலி முழுக்க முசுட்டை படர்ந்து நிற்கிறது. முருங்கைக்காய் விலை ஏறினாலும் முருங்கையிலை தளதளவென்று நிற்கும். காசு கொடுக்காமல் கிடைக்கிற காலம் இது. தூதுவளை, முடக்கொத்தான், முசுட்டை, முல்லை என்று கிடைத்த இலைகளை அரைத்துப் பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலும் உள்ளியும் போட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய்ப்புளி விட்டுக் குடித்துப் பாருங்கள். சளி பிடித்த பிள்ளைக்கு அந்தச் சூடு தொண்டைக்கு எவ்வளவு இதமாக இருக்கும்.

மழைக்குருவி
எங்கள் வேலியிலும் முசுட்டை நிற்கிறது. காடு என்று நினைத்து வெட்டச் சொல்ல இருந்தேன். மாமியிடம் கேட்டேன். அவ சிரித்துக்கொண்டே போய் ஒரு சுளகு நிறையப் பிடுங்கி வந்துவிட்டா.

பாசையூர்க் கரை
ஞாயிறு கூழ் என்று அக்கா ஒரு சொல்லில் போய்விட்டா. மழை இருட்டிக்கொண்டு நிற்கும் மாலையில் ஒடியற்கூழுக்கு நிகராக இன்னொன்றை என்னால் சொல்ல முடியாது. ஒரு பானை, ஐந்து பேருக்கு ஒரே சாப்பாடு, கறி தனியாக வேண்டாம்.

ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு, மேல்தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டு மூன்று தரம் செய்தால் கசப்பு இறங்கும். பானையில் ஒரு பிடி அரிசி, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, கிடைத்தால் பலாக்கொட்டை. அவை அரை வேக்காடு ஆனதும் நண்டு, இறால், மீன் தலை. செத்தல் மிளகாயை உப்போடு அரைத்துப் பழப்புளியில் கரைத்து விடுங்கள். கடைசியில் மாக்கரைசலை விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். முருங்கையிலை இறக்கும் நேரத்தில். மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு மீன் போடுமுன் ஒரு பங்கை வேறு சட்டியில் எடுத்து அப்படியே முடிக்கலாம்.

முடிந்தால் பலா இலையைக் கோலிக் குடியுங்கள்.

நீர்வேலி வாழை
பானையைப் பிரிப்பது நல்ல யோசனை. இந்த வருடம் அம்மாவுக்கும் கொடுப்பேன்.

மழைக்குருவி, 16 நாட்களுக்குப் பிறகு
எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டேன், நடந்ததை எழுதுகிறேன்.

கதவில் இப்போது இருக்கும் தாளில் கறியின் பெயரே இல்லை. 'பருப்பு, இலை', 'கடல் அல்லது முட்டை', 'புளிக்குழம்பு', 'மரக்கறி' என்று அக்கா சொன்ன வகைகள்தான். பக்கத்தில் அராலி அண்ணா சொன்னபடி ஒரு பெயர். முதற்கிழமை செவ்வாய் மீன் இல்லை, முட்டைக் குழம்பு வைத்தேன். தாளில் அதுவும் இருந்தபடியால் தோற்றுப்போன எண்ணம் வரவில்லை. இரண்டாம் கிழமை இறால் மலிவாகக் கிடைத்தது, கத்தரிக்காயோடு பிரட்டினேன்.

வியாழன் இவருடைய நாள். முதல் வியாழன் சோறு குழைந்துவிட்டது, பருப்பில் உப்பு இல்லை. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் கண்ணால் மறித்தேன். இரண்டாம் வியாழன் தானே சந்தைக்குப் போய் ஓரா வாங்கி, வெட்டுவித்து வந்து, மீன் சொதி வைத்தார். நல்லாக இருந்தது. நான் அன்று ஐந்தரைக்கு வந்து பிள்ளையோடு இருந்து கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கிழமை நாளில் அப்படி இருந்து எத்தனை மாதம்.

தேங்காய் விஷயத்தில் இருவரும் சொன்னதையும் செய்கிறேன். புட்டுக்கும் சம்பலுக்கும் உறைபெட்டி, சொதிக்கு முதல்நாள் இரவு துருவியது. சாம்பார் இரண்டு சனியும் வைக்கவில்லை, மிச்சமே இருக்கவில்லை. எறிந்தது என்றால் அரை வெள்ளரிக்காய் மட்டும்.

மாமிக்குக் காலையில் சின்னக் குரக்கன் புட்டும் கௌப்பியும் முசுட்டை வறையும் கொடுக்கிறேன். அடுத்த கிளினிக் மார்கழிக் கடைசியில், அன்றுதான் சீனி எப்படி என்று தெரியும். இலை பிடுங்குவதை அவவே தன் வேலையாக எடுத்துக்கொண்டா. மழை விட்ட நேரமெல்லாம் சுளகோடு வேலியடியில்தான்.

ஒரு கேள்வி. மகன் பனங்கிழங்கு கேட்கிறான். புதுக்கிழங்கு எங்கேயாவது வந்துவிட்டதா? அவிக்கும் பக்குவத்தையும் சொல்லுங்கள், அம்மா இருந்தவரைக்கும் நான் கையே வைத்ததில்லை.

தென்மராட்சித் தாதி
கொடிகாமம் சந்தையில் நேற்று ஒன்றிரண்டு கட்டுக் கண்டேன், இன்னும் மெல்லிசாக இருக்கிறது. தைப்பொங்கல் நெருங்கும்போதுதான் பருத்த கிழங்கு வரும்.

தோலை உரித்து, அடியையும் நுனியையும் வெட்டிவிட்டுக் கழுவுங்கள். பானையில் நிறுத்தி அடுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு மூடி அவியுங்கள். ஒரு மணித்தியாலம் வரைக்கும் எடுக்கும், நகத்தால் அழுத்தினால் இறங்க வேண்டும். பிளந்து நடுநரம்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மிஞ்சினால் தும்புகளை நீக்கி, உள்ளி, மிளகு, பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடியுங்கள். மாமிக்கு ஒரு உருண்டைக்கு மேல் வேண்டாம்.

மழைக்குருவி
சரி அக்கா. உரல் கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கிறது, நாளைக்கே கழுவி வைக்கச் சொல்கிறேன். நாளை வியாழன்.